அயக்கரட்டில் எவரும் நேராக நடக்காத வருஷம்

அயக்கரட்டில் மனிதர்கள் நேராக நடப்பது நின்றுபோனது பங்குனி பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் அந்த நேரத்தில் ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிய பதினோரு பேரில் ஒருவர்கூட ஊர் எல்லைக்கு வெளியே இருக்கும் நிறுத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை. பதினோரு பேரும் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ வளைந்து நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்று, பையைக் கீழே வைத்து, மறுபடி எடுத்துக்கொண்டு புறப்பட்டு, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றார்கள். கண்டக்டர் இரண்டு முறை விசில் ஊதிப் பார்த்தார். "வர்றவங்க வாங்க, சுத்துறவங்க சுத்துங்க, எனக்கு டைம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

ஊருக்கு மேற்கே குன்றாக நிற்கும் கரடு முழுக்க இரும்புக்கல். மழை பெய்து ஓய்ந்தால் ஓடையோரம் ஒதுங்கும் கருமணல் பிள்ளைகளின் காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். கரடு ஆயிரம் ஆயிரம் வருஷமாக அங்கேதான் நிற்கிறது, அதுவரை யாரையும் ஒன்றும் செய்ததில்லை. பிறகு பெட்டிகளோடும் கம்பிகளோடும் வந்த அதிகாரிகள் எல்லைக்கல்லைத் தாண்டியதும் அவர்களும் சுற்றினார்கள். மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு, அறிக்கை தபாலில் வரும் என்று சொல்லிப் போனார்கள். அறிக்கை வரவில்லை. ஊரும் அதைத் தேடவில்லை, ஏனென்றால் அதற்குள் ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது: பால் வாங்க வேண்டியிருந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது, ஒரு சாவு விழுந்திருந்தது.

காரணத்தைச் சொன்னது டவுனிலிருந்து வரும் அறிவியல் ஆசிரியை லூர்துமேரி மட்டும்தான். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு, "மின்சாரம் ஏறுன துகள் காந்தத்துக்கு நடுவுல மாட்டுனா இப்படித்தான் சுத்தும். கரடுதான் காந்தம். நமக்கு எப்படியோ மின்சாரம் ஏறிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார்.

"ஷாக் அடிக்குமா டீச்சர்?"

"இதுவரைக்கும் இல்ல. கணக்கு நோட்ட எடுங்க."

கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவரும் பிள்ளைகளும் இரண்டே வாரத்தில் எல்லா விதிகளையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு சுற்றுக்கு நாற்பது நொடி. மெதுவாக நடப்பவருக்குச் சின்ன வட்டம், வேகமாக நடப்பவருக்குப் பெரிய வட்டம், ஆனால் கிழவரும் குமரியும் ஒன்றாகப் புறப்பட்டால் ஒன்றாகவே திரும்பி வந்து நிற்பார்கள், அவசரப்பட்டவருக்கு ஒரு நொடிகூட மிச்சமாகாது. நின்றுவிட்டு மறுபடி புறப்பட்டாலும் கால் பழைய வட்டத்தில்தான் போகும். சைக்கிளும் சுற்றும், டிராக்டரும் சுற்றும். ஆடு மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடை கடக்கப் பார்த்த ஒருவரோடு எருமையும் சேர்ந்து சுற்றியது. இடமாகச் சுற்றுகிறவர்களும் வலமாகச் சுற்றுகிறவர்களும் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். அண்ணன் இடம், தம்பி வலம். புருஷன் வலம், பெண்டாட்டி இடம். தெரு பார்த்து, குலம் பார்த்துச் சுற்று மாறும் என்று எதிர்பார்த்த சிலருக்கு ஏமாற்றம்தான்.

மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் மட்டும் தடையே இல்லை. தென்னை ஏறுகிறவர்கள் வழக்கம்போல ஏறினார்கள், கிணற்றில் இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். தரைக்கு வந்ததும் சுற்றினார்கள்.

வட்டத்தை விட்டு வெளியே வர வழி ஒன்றே ஒன்றுதான்: இன்னொரு ஆள்மேல் இடிக்க வேண்டும். சுவரில் இடித்தால் மூக்கு உடைந்தது, வட்டம் நகரவில்லை. மரத்தில் இடித்தாலும் அப்படியே. மனுஷன்மேல் மனுஷன் இடித்தால் மட்டும் இருவருடைய வட்டமும் பழைய இடத்திலிருந்து பிடுங்கி வேறோர் இடத்தில் நட்டதுபோல நகர்ந்தது, ஆனால் எந்தப் பக்கம் நகரும் என்பதை இடித்தவரும் சொல்ல முடியாது, இடிபட்டவரும் சொல்ல முடியாது. டீக்கடைக்குப் போக இடித்தவர் கோயில் வாசலில் நின்றார். கோயிலுக்குப் போக இடித்தவர் மறுபடி டீக்கடையில் நின்றார். இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு இடி வேண்டியிருக்கிறது என்று லூர்துமேரி டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னபோது, "அதுக்கு நாங்க என்ன பண்றதுங்க, கூடவே இடிச்சுக்குவோம்" என்றார்கள்.

இடித்துக்கொண்டார்கள். சித்திரை பிறப்பதற்குள் அயக்கரட்டுக்காரர்கள் தோளைக் கொஞ்சம் உள்ளே மடக்கி, கையிலிருக்கும் தூக்குப்போசி தளும்பாமல், எதிராளிக்கு வலிக்காமல் இடிக்கப் பழகியிருந்தார்கள். பாடை தூக்க நான்கு பேருக்குப் பதில் முப்பது பேர் வந்தார்கள், எதிரே இடிப்பதற்கு இன்னொரு முப்பது பேர். ஜாதகக் கட்டோடு மாப்பிள்ளை இடமா வலமா என்பதையும் எழுதிக் கொடுத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரு வழக்கம் வந்தது: ஆளில்லாத இடத்தில் தனியாகச் சுற்றி மாட்டிக்கொண்டவர் "ஒரு இடி விடுங்க!" என்று குரல் கொடுக்க வேண்டும், அந்தக் குரல் காதில் விழுந்தவர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். குரல் கேட்டும் வராதவர் என்ற பெயர் அயக்கரட்டில் யாருக்கும் இருக்கக் கூடாத பெயராக ஆனது.

அதுவரை ஊர்த்தெருவும் காலனியும் இடித்துக்கொண்டதில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். நடுவே ஒரு புறம்போக்கு மைதானம் கிடந்தது. காலனிக்காரர்கள் அதைத் தாண்டி ஊர்த்தெருவுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பதும், எதிரே ஆள் வந்தால் சாக்கடையோரம் ஒதுங்குவதும் வழக்கமாக இருந்தது. இப்போது ஒதுங்குவது யாருடைய கையிலும் இல்லை. கால் எங்கே வளைகிறதோ அங்கேதான் ஆள். முதல் மாதம் ஊர்த்தெருக்காரர்கள் தங்களுக்குள் மட்டும் இடித்துப் பார்த்தார்கள். ஆனால் இளவட்டங்கள் எல்லாம் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருந்தார்கள், பகலில் தெருவில் இருந்தது நாற்பது கிழடுகள். ஒருவர் இன்னொருவர்மேல் படுவதற்குள் பொழுது சாய்ந்தது. பிறகு காலனிக்காரர்களோடு இடித்தார்கள், இடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள். வைகாசியில் ஆழ்துளைக் கிணறு வற்றியது. குளிப்பது நின்றது. இதற்கு யாரும் தீர்மானம் போடவில்லை.

தீர்மானம் வேறொன்றுக்குப் போட்டார்கள்.

ஊராட்சித் தலைவர் இந்திராணி காலனிக்காரர். வயது நாற்பத்து மூன்று. நூறு நாள் வேலையில் எண்பது பேரை வைத்து ஓடை தூர்வாரிய மேஸ்திரி. சுழற்சி முறையில் தலைவர் பதவி ஒதுக்கீட்டுக்கு வந்தபோது நின்று ஜெயித்தார். துணைத்தலைவர் நல்லதம்பி, ஊர்த்தெரு, அறுபத்திரண்டு வயது. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம், ஊர்த்தெரு முனையில் இருக்கும் ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் கொடி ஏற்றியவர் அவர்தான். இந்திராணி தலைவரான பிறகும் அவரேதான் ஏற்றினார். இந்திராணி ஏழடி தள்ளி நின்று கும்பிட்டார். இந்த முறை, ஆடி மாதக் கூட்டத்தில், "ஆகஸ்ட் பதினஞ்சு கொடிய நான் ஏத்துறேனுங்க" என்று இந்திராணி சொன்னார்.

"ஏத்து அம்மிணி. யாரு வேண்டாங்கறா?" என்றார் நல்லதம்பி. "கம்பத்துக்கு வந்து சேரு, ஏத்து. ஒம்பது மணிக்குள்ள தலைவர் கம்பத்துக்கு வரலீன்னா துணைத்தலைவர் ஏத்தலாம்னு ஒரு தீர்மானம் போட்டுக்கலாம். ஊரு நெலம அப்படி இருக்குதில்ல?"

ஐந்து உறுப்பினர்களில் மூன்று பேர் கை தூக்கினார்கள். வெளியே வரும்போது, தன்மேல் இடித்து நகர்ந்த டீக்கடைக்காரரிடம் நல்லதம்பி சொன்னதைப் பலர் கேட்டார்கள்: "இடிக்கறது வேற. கொடி வேற."

ஆகஸ்ட் பதினான்காம் தேதி மாலை நல்லதம்பி அலுவலகத்துக்குப் போய், எப்போதும்போலக் கொடியை மடித்து, டவுனிலிருந்து தருவித்த செவ்வந்தி இதழ்களையும் ரோஜா இதழ்களையும் உள்ளே வைத்துச் சுருக்குப் போட்டுக் கம்பத்தின் அடியில் கயிற்றில் கட்டினார். ஊர்த்தெருவுக்கு வீடுவீடாகச் செய்தி போயிற்று: காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை யாரும் வெளியே வரக் கூடாது. ஆள் இல்லாவிட்டால் இடி இல்லை, இடி இல்லாவிட்டால் மைதானத்தைத் தாண்டியவர் கம்பத்துக்கு வர முடியாது. யாரையும் தடுத்ததாகவும் ஆகாது.

பதினைந்தாம் தேதி ஐந்து மணிக்குக் காலனியில் அறுபத்தெட்டு பேர் புறப்பட்டார்கள். சந்துக்குள் அவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இடித்ததில் இந்திராணி பத்தே நிமிஷத்தில் மைதானத்துக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் சிரமம். மைதானம் அகலம், ஒவ்வோர் இடிக்கும் ஆட்கள் சிதறினார்கள், சிதறச் சிதற ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடைவெளி கூடியது, ஏழு மணிக்கு மைதானம் முழுக்க ஆளுக்கொரு வட்டமாகத் தனித்தனியே சுற்றிக்கொண்டிருந்தார்கள், கூப்பிட்டால் கேட்கும், தொட எட்டாது. எட்டு மணிக்கு ஒரு கடைசி இடி, இந்திராணியின் தங்கை மகன் கொடுத்தது, அவரை மைதானத்தின் மேல்கோடிக்குத் தள்ளியது. கம்பம் அங்கிருந்து முப்பதடி. அதற்கப்புறம் அவரைச் சுற்றி மூடிய கதவுகளும், அந்தக் கதவுகளுக்குப் பக்கத்து ஜன்னல்களில் கண்களும்தான் இருந்தன.

கண்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவரை மட்டும் அல்ல. கம்பத்துக்கு இந்தப் பக்கம், வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, நல்லதம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஒன்பது மணிக்குக் கம்பத்தடியில் நிற்க வேண்டுமென்று அவர் ஐந்தரைக்கே மைத்துனன்மார் நான்கு பேரோடு கிளம்பினார். அவர்கள் இடித்து இடித்து அவரைக் கம்பத்துக்குப் பதினெட்டடி வரை கொண்டுவந்துவிட்டார்கள். இன்னும் ஒரு இடி, நல்ல பக்கமாக விழுந்தால் போதும். அப்போது மணி ஆறு. யாரும் வெளியே நிற்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான்; மைத்துனன்மார் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கையெட்டிய வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் வேகமாக நடந்து வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முழங்கால் வலி விடவில்லை, வட்டம் பழையபடி சுருங்கியது. "ஒரு இடி விடுங்க" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் யாராவது வந்திருப்பார்கள். நல்லதம்பி அதுவரை ஒருநாளும் வாய்விட்டு இடி கேட்டதில்லை. கேட்கும் முன்னால் கொடுக்க எப்போதும் ஆள் இருந்தது.

இப்படி இரண்டு வட்டங்கள். இந்திராணியின் வட்டமும் நல்லதம்பியின் வட்டமும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டின. ஆனால் அவர் அந்த இடத்துக்கு வரும்போது இவர் நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தார், இவர் வரும்போது அவர் போயிருந்தார். இருவருக்கும் சுற்று நாற்பது நொடி. வேகத்தை மாற்றினாலும் அதே நாற்பது நொடி. யாராவது ஒருவர் அந்த இடத்தில் இருபது நொடி நின்று கொடுத்தாலொழிய ஆகஸ்ட் முழுக்கச் சுற்றினாலும் அவர்கள் சந்திக்கப்போவதில்லை.

எட்டு நாற்பதுக்கு இந்திராணி அந்த இடத்தில் நின்றார். நல்லதம்பி கால்வாசி வட்டம் வந்து, அவர் நிற்பதைப் பார்த்து, தானும் நின்றார்.

இந்திராணி நடந்தார். நல்லதம்பி நடந்தார்.

மறுபடி இந்திராணி நின்றார். மறுபடி நல்லதம்பி நின்றார், வேட்டியைச் சரிசெய்வதுபோல. ஜன்னலில் யாரோ சிரித்தார்கள்.

"துணைத்தலைவரே, வேட்டி நல்லாத்தான் இருக்குதுங்க. வாங்க" என்றார் இந்திராணி.

"நீ போ அம்மிணி. நான் மெதுவா வர்றேன்."

"நான் போனா நீங்களும் போவீங்க. அப்புறம் ரெண்டு பேரும் போய்ட்டே இருக்கோணும்."

"ஒம்பது ஆகட்டும். தீர்மானம் இருக்குது."

"ஒம்பது ஆனா மட்டும் கம்பம் உங்ககிட்ட நடந்து வருமுங்களா?"

நல்லதம்பி கம்பத்தைப் பார்த்தார். பதினெட்டடி. காலையிலிருந்து அது ஓரடிகூடக் குறையவில்லை.

"இடிச்சா நான் கம்பத்துக்கிட்டப் போய் விழுவேன். தெரியுமில்ல?"

"போனா போங்க. நான் போனாலும் போவேன். நீங்க போனீங்கன்னா எனக்கு எடம் பாத்து வெச்சிருங்க, கொடி நான்தான் ஏத்துவேன்."

"வாய்க்கு ஒண்ணும் கொறைச்சலில்ல."

"எல்லைக்கல்லப் பாருங்க" என்றார் இந்திராணி.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் மூலப்புதூர்க்காரர்கள் ஐந்து பேர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். மூலப்புதூரில் எட்டு மணிக்கே கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தாகிவிட்டது. பங்குனியிலிருந்து அயக்கரட்டுக்குச் 'செக்காட்டும் ஊர்' என்று பெயர் வைத்துச் சிரிக்கிறவர்கள் அவர்கள். ஒருவன் செல்போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கொடி ஏறாத ஊருன்னு போடுவான்" என்றார் இந்திராணி. "உங்க மூஞ்சியும் வரும், என்ற மூஞ்சியும் வரும்."

நல்லதம்பி அந்த நேரத்தில் என்ன நினைத்தார் என்பது தெரியாது. இடி தன்னைக் கம்பத்தடிக்குத் தள்ளும் என்று கணக்குப் போட்டதாகப் பின்னால் அவரே சொன்னார். மூலப்புதூர்க்காரனுக்காகத்தான் என்று வேறொரு நாள் சொன்னார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அவர் நடந்தார். இந்திராணி நின்ற இடத்தில் நின்றார். தோளை மடக்கத் தெரிந்த ஊரில், ஊரிலேயே பெரிய ஆள், தோளை மடக்காமல் வந்து இடித்த சத்தம் ஜன்னல்வரை கேட்டது.

இந்திராணி கம்பத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தார். நல்லதம்பி இன்னும் பின்னால், மைதானத்தோரம் போய் விழுந்தார். கம்பத்தடியில் யாரும் இல்லை.

மணி எட்டு ஐம்பத்து மூன்று. அப்போது ஒரு கதவு திறந்தது. நல்லதம்பியின் மனைவி சௌந்தரம், தூக்குப்போசியோடு படியில் நின்றார். ஆறு மணியிலிருந்து காபி இல்லாத முகம்.

"இடிச்சாச்சில்ல?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டார். "இனி என்னத்துக்குக் கதவு? நான் பால் வாங்கப் போறேன்."

அவர் இறங்கி இரண்டு சுற்று போவதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது, அதற்குப் பக்கத்துக் கதவு திறந்தது, பால் வேண்டியவர்களும், புகையிலை வேண்டியவர்களும், மூன்று மணி நேரம் மருமகளோடு ஒரே அறையில் இருந்தவர்களும், ஒன்றும் வேண்டாமல் வேடிக்கை பார்க்க வேண்டியவர்களும் தெருவுக்கு வந்தார்கள், மைத்துனன்மாரும் வந்தார்கள். நடுத்தெருவில் யாரோ ஒருவர்மேல் யாரோ ஒருவர் இடித்தார், அவர் இன்னொருவர்மேல் விழுந்தார், அந்த இடி மைதானத்துக்கு இறங்கி, அங்கே தனித்தனியே சுற்றிக்கொண்டிருந்த காலனிக்காரர்களைப் பிடுங்கித் தெருவுக்குள் நட்டது, தெருவில் இருந்தவர்களைப் பிடுங்கி மைதானத்தில் நட்டது. எவர் எங்கே போவார் என்று எவருக்கும் தெரியவில்லை. நல்லதம்பி இரண்டு முறை கம்பத்துக்குக் கையெட்டும் தூரம்வரை வந்து, வந்த வேகத்திலேயே அப்பால் தள்ளப்பட்டார். இந்திராணி ஒருமுறை டீக்கடைக்குள்ளேயே போய்விட்டு வந்தார். தள்ளியவர்கள் எல்லோரும் தள்ளினார்கள், யாரை எதற்கு என்று பார்க்கவில்லை, பார்த்துத் தள்ளியிருந்தாலும் பயனில்லை. எட்டு ஐம்பத்தெட்டுக்கு ஓர் இடி இந்திராணியைக் கம்பத்தின்மேல் கொண்டுவந்து சேர்த்தது. அவர் இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்த இடியைக் கொடுத்தது தான்தான் என்று இன்றுவரை பதினாறு பேர் சொல்கிறார்கள். ஒன்பது பேர் காலனி, ஏழு பேர் ஊர்த்தெரு. டீக்கடைக்காரர் தோளில் காயத்தைக் காட்டுகிறார். சௌந்தரம் தூக்குப்போசியின் நெளிசலைக் காட்டுகிறார். முதல் இடி விழாவிட்டால் கடைசி இடி ஏது என்று நல்லதம்பி கேட்கிறார்.

இந்திராணி செருப்பைக் கழற்றினார். ஊர்த்தெருவில் நிற்பதற்காக அல்ல, கொடி ஏற்றுவதற்காக. கயிற்றைப் பிடித்து இழுத்தார். தெருவிலும் மைதானத்திலும் இருந்த அத்தனை பேரும் அவரவர் வட்டத்தில் கால் எங்கே இருந்ததோ அங்கேயே நின்றார்கள். மடித்துக் கட்டிய கொடி தரையை விட்டுக் கிளம்பி, இடப்பக்கம் வளையாமல், வலப்பக்கம் வளையாமல், யார்மேலும் இடிக்காமல், நேராக மேலே போனது. மேலே போவதற்குத் தடை இல்லை என்று லூர்துமேரி டீச்சர் சித்திரையிலேயே சொல்லியிருந்தார். ஆனால் அது எப்படி இருக்கும் என்பதை அயக்கரடு அன்றைக்குத்தான் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தது.

உச்சியில் ஒரு சுண்டு. சுருக்கு அவிழ்ந்து கொடி விரிந்தது. செவ்வந்தியும் ரோஜாவும் நேராகக் கீழே விழுந்தன, கீழே யார் நின்றார்களோ அவர்கள் எல்லோர்மேலும். நல்லதம்பி தன் சட்டைத் தோளிலிருந்து ஓர் இதழை எடுத்துப் பார்த்தார். அவர் தருவித்த பூ.

"கயித்த ரெண்டு சுத்துச் சுத்திக் கட்டு" என்று நின்ற இடத்திலிருந்து சத்தம் போட்டார். "காத்துக்கு அவுந்துரும்."

"கட்டியாச்சுங்க" என்றார் இந்திராணி.

அப்போது எல்லைக்கல் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. செல்போன் வைத்திருந்த மூலப்புதூர்க்காரன், கொடி விரிந்ததைக் கிட்டத்தில் படம் பிடிக்கலாம் என்று கல்லைத் தாண்டி நாலு எட்டு வைத்திருந்தான். இப்போது அங்கே சுற்றிக்கொண்டிருந்தான். கூட வந்த நான்கு பேரும் கல்லுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு இடி விடுங்க!" என்று கத்தினான்.

அயக்கரடு முழுக்க இந்திராணியைப் பார்த்தது. அவர் கம்பத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"வர்றோமுங்க தம்பி" என்று கூப்பிட்டுச் சொன்னார். "எங்களுக்கு இன்னும் கொடி வணக்கம் முடியல. அதுவரைக்கும் சுத்திட்டு இருங்க."